ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங்

கனவில் நான் எப்போதும் ஒரு கதவைத் தேடிக்கொண்டிருப்பேன். நீளமான தாழ்வாரம், இரண்டு பக்கமும் கதவுகள். ஒன்றைத் திறந்தால் வகுப்பறை. பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்ப்பார்கள். இன்னொன்றைத் திறந்தால் கல்யாணப் பந்தி. மூன்றாவதற்குப் பின்னால் நொய்யல் ஆறு, நிலா வெளிச்சத்தில் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். ஆறே இருக்கிறது, இனி என்ன கவலை என்று இறங்கினால், கரை நெடுகத் தெரிந்த முகங்கள் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்தக் கனவைக் கண்டவர்களுக்கு அதன் அர்த்தத்தை ஜோசியர் சொல்ல வேண்டியதில்லை. விழித்தால் அடிவயிறு கல்லாக இருக்கும்.

ஐம்பதுகளின் கடைசியில் நானும் அம்மாவும் கோயம்புத்தூரில் ஒரு பஞ்சாலைக்குப் பின்புறம் லைன் வீட்டில் குடியிருந்தோம். லைன் வீடு என்றால் ரயில் பெட்டிகள் மாதிரி ஒட்டி ஒட்டி ஒரே வரிசையில் கட்டிய வீடுகள். வரிசைக்கெல்லாம் சேர்த்து முன்முனையில் ஒரு குழாய், பின்முனையில் ஒரு கக்கூஸ். எங்கள் வீடு குழாய்க்குப் பக்கத்தில். அது அதிர்ஷ்டம் என்று அம்மா சொல்லுவாள். எனக்கோ மறுமுனைதான் அதிகம் தேவைப்பட்டது.

ராத்திரியில் அந்த வரிசை நெடுக நடப்பது வேறொரு ஊரில் நடப்பது போலிருக்கும். பகலெல்லாம் சண்டையும் தாளிப்பும் கேட்ட வாசல்கள் ஊமையாகியிருக்கும். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒவ்வொரு விதமான குறட்டை. கண்ணை மூடிக்கொண்டே எந்த வீட்டைக் கடக்கிறேன் என்று சொல்லிவிடுவேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று முந்தானையைப் பிடித்து இழுக்கும். ஆலை மட்டும் தூங்காது. சுவரே முனகுவதுபோல ஒரு சத்தம் தரைக்குள்ளிருந்து கால் வழியாக ஏறும். பனிக்காலத்தில் பஞ்சுத் தூசியும் பனியும் ஒன்றாகி விளக்குக் கம்பத்தைச் சுற்றி வெள்ளையாகச் சுழலும். மேற்கே மலை இருக்கும் இடத்தில் மலை தெரியாது. மருதமலைக் கோயில் விளக்கு மட்டும் ஆகாயத்தில் தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தபடி அரைத் தூக்கத்தில் போவேன், வருவேன், படுப்பேன். கண் அசந்ததும் மறுபடியும் தாழ்வாரம், மறுபடியும் கதவுகள். காலையில் எழுந்தால், நடந்து போனது எத்தனை தடவை, கனவில் போனது எத்தனை தடவை என்று பிரித்துச் சொல்ல முடியாது.

சில ராத்திரிகளில் கடைசி வீட்டுக்காரர் எதிரில் வருவார். ஸ்பின்னிங்கில் வேலை. ஷிப்ட் முடிந்து பஞ்சு ஒட்டிய தலையோடு வந்து நிற்பார். கதவு ஒன்று, ஆட்கள் இரண்டு பேர்.

"ஏனுங்க அம்மிணி, நீங்க போங்க."

"பரவால்லீங்க, நீங்க மொதல்ல போங்க. வேலை செஞ்சுபோட்டு வந்திருக்கீங்க."

"அட, எனக்கென்னங்க அவசரம். நீங்க போங்க."

"எனக்கும் அவசரமில்லீங்க. சும்மா காத்து வாங்க வந்தேனுங்க."

நள்ளிரவில், கையில் தண்ணீர்ச் செம்போடு, கக்கூஸ் வாசலில் காற்று வாங்க வந்தவள் நான். அவரும் அதை நம்பியதுபோலத் தலையாட்டி, வானத்தைப் பார்த்து, "ஆமாங்க, நல்ல காத்துங்க" என்பார். கொங்கு நாட்டு மரியாதையால் வீங்கிப்போன அடிவயிறுகளை யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை.

பகலில் இந்த மரியாதைக்கும் வழியில்லை. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், டிரங்க் போர்டில் இருந்தேன். அன்று வெளியூருக்குப் பேச வேண்டுமானால் முதலில் எங்களிடம் பதிவு செய்ய வேண்டும். அதை டிக்கெட் என்ற சீட்டில் எழுதிக்கொள்வோம். லைன் காலியாகும்போது நாங்கள் இரு பக்கத்தையும் கார்டுகளால் இணைத்துவிடுவோம். கார்டு என்பது நுனியில் பித்தளை முளை வைத்த தடித்த கயிறு. அழைப்புகளில் மூன்று ஜாதி. ஆர்டினரி, வரிசையில் நிற்கும். அர்ஜெண்ட், இரட்டைக் கட்டணம் கொடுத்து அதைத் தாண்டிப் போகும். லைட்னிங், பெயருக்கேற்ற மின்னல். பல மடங்கு கட்டணம், மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு முதலில் போகும். மூன்று நிமிடம் ஆனதும் பேச்சின் நடுவில் நுழைந்து, "மூணு நிமிஷம் ஆச்சுங்க, நீட்டிக்கலாமுங்களா?" என்று கேட்க வேண்டும்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இருட்டான பலகையில் சின்னச் சின்ன விளக்குகள் எரியும், அணையும். ஒரு காதில் உடுமலைப்பேட்டைத் தேங்காய், மறு கணம் பவானி ஜமக்காளம், அதற்கடுத்து பம்பாயில் பஞ்சு விலை. நான் பார்த்தே இராத ஊர்கள் என் விரல் நுனி வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கும். ஊரே தூக்கத்தில் உளறுவதை நான் மட்டும் விழித்திருந்து கேட்பதுபோல இருக்கும்.

போர்டை விட்டு எழுந்திருக்க ஒரே வழி ரிலீஃப். கையைத் தூக்க வேண்டும். சூப்பர்வைசர் பார்க்க வேண்டும். பார்த்தபின் வேறொருத்தியை அனுப்ப வேண்டும். அவள் ஹெட்செட்டை மாட்டியபின்தான் எழலாம். நான் விதிப் புத்தகத்தை ஆசையாகப் படிக்கும் ஜாதி. ஹெட்செட்டை எதனால் துடைப்பது, கடிகாரத்தை எப்போது சரிபார்ப்பது, கட்டிடத்துக்குள் பாம்பு வந்தால் யாருக்குத் தெரிவிப்பது என்பது வரை அதில் இருந்தது. ஒண்ணுக்குப் போவது பற்றி ஒரு பத்தி கிடையாது. சர்க்கார் கணக்கில் ஆபரேட்டர் என்பவள் ஒரு காது, ஒரு வாய், இரண்டு கை. அதற்குக் கீழே எதுவும் பதிவாகவில்லை.

விதியில் இல்லாததையெல்லாம் சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டார். போத்தனூர் ரயில்வே காலனியிலிருந்து வரும் ஆங்கிலோ இந்திய அம்மாள். கவுன், குதிகால் செருப்பு, பின்னால் டக் டக் என்று நடை. ஆண் பெண் எல்லோரும் அவருக்கு 'மேன்'தான்.

"என்ன மேன், திருப்பி ரிலீஃபா? இப்பதானே போயிட்டு வந்தே?"

"ஆமாங்க மேடம்."

"கவர்மெண்ட் உனக்கு ஒரு நாற்காலி குடுத்திருக்கு. அதுக்கு உன் முகமே மறந்துபோச்சு மேன்."

சுற்றியிருந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஓடுவேன். சிரிப்பில் அடக்கம் தளரும் என்பதால் அதுவும் அளவோடுதான்.

விஷயம் சிரிப்பாக இல்லை. நான் அப்போது புரொபேஷனில் இருந்தேன். அந்தக் காலம் முடியும்போது சூப்பர்வைசர் எழுதும் அறிக்கையை வைத்துத்தான் வேலை நிரந்தரமாகும், அல்லது ஆகாது. ஆகாவிட்டால் என்ன என்பதும் முடிவாகியிருந்தது. அப்பா சர்க்கரை வியாதியில் போன பிறகு எங்களுக்கு ஆதரவாக இருந்தவர் அம்மாவின் அண்ணன், பல்லடம் பக்கம் தோட்டங்காட்டுக்காரர். நல்ல மனிதர். அவருக்கு ஒரு மகன் இருந்தான். வேறு விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

அம்மா என் உபாதைக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டாள். சிறுவாணி.

கோயம்புத்தூர்க்காரர்கள் சிறுவாணித் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது கட்டிக்கொடுத்த மகளைப் பற்றிப் பேசுவதுபோலக் குரல் குழைவார்கள். மலையிலிருந்து நேராக வருவது, தேன் மாதிரி இருப்பது, உலகத்தில் இரண்டாவது சுவை என்பார்கள். முதலாவது எது என்று கேட்டால் தெரியாது. எங்கள் ஊரிலோ கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதைக் குடித்து வளர்ந்த அம்மாவுக்கு இந்தத் தேன்மேல் ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கையில்லை.

"இந்தத் தண்ணி லேசு கண்ணு. உள்ள போன சுருக்குல வெளிய வந்துருது. நம்மூர்த் தண்ணி கனம். உள்ள போனா நிக்கும்."

சொன்னதோடு நிற்காமல் மாமாவுக்கும் ஆள் சொல்லி அனுப்பினாள். அவர் ஒரு பெரிய பித்தளைத் தூக்கில் உப்புத் தண்ணீரை மொண்டு, வாயைத் துணியால் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். வந்ததும் வராததுமாக பஸ்ஸில் நடந்ததைச் சொல்லி அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

"கண்டக்டரு கேக்கறானுங்க, தூக்குல என்னங்க நெய்யான்னு. தண்ணின்னேன். கோயமுத்தூருக்கா தண்ணி கொண்டு போறீங்க, அப்படியே திருப்பதிக்கு ஒரு மொட்டையும் கொண்டு போங்கன்னுட்டான்."

சிரித்து ஓய்ந்ததும் என்னைப் பார்த்து, "ஒடம்புதான் கண்ணு முக்கியம். நம்ம ஊட்டுக்கு வந்துட்டீன்னா, எந்திரிக்கோணும்னா யாரைக் கேக்கோணும்?" என்றார்.

உண்மைதான். அந்த வீட்டில் எழுந்திருக்க யாரையும் கேட்க வேண்டாம். உட்காரத்தான் கேட்க வேண்டும்.

உப்புத் தண்ணீரைக் குடித்தேன். குடித்தால் மேலும் தாகம் எடுத்தது. தாகத்துக்குத் தண்ணீர் குடித்தால் நாற்காலி போய்விடும் என்று குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். பகலில் ஒரு டம்ளர், இரண்டு டம்ளர். ராத்திரித் தூக்கம் கெட்டதால் பகலில் கண் சொக்கியது. அதற்குக் கேண்டீன் காப்பி, காலையில், மத்தியானம், பொழுது சாயும்போது. இப்படி என் புத்திசாலித்தனத்தையெல்லாம் ஒன்று திரட்டி நான் செய்த ஏற்பாட்டில், போவது அதிகமானது. போகும்போது லேசாக எரியவும் ஆரம்பித்தது.

எரிச்சல் என்றதும் அம்மா அதைச் சூடு என்று முடிவு செய்தாள். எங்கள் பக்கத்தில் சூட்டுக்கு ஒரு வைத்தியம் உண்டு. இரண்டு கால் பெருவிரல்களிலும் சுண்ணாம்பைத் தடவ வேண்டும். விரலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. தடவிக்கொண்டு வேலைக்குப் போனேன். செருப்புக்கு வெளியே இரண்டு வெள்ளைப் பொட்டுகள். அதைப் பார்த்த எவருக்கும் என் அந்தரங்கம் முழுவதும் தெரிந்துவிடும். ஊர் பாஷையில் அது ஒரு விளம்பரப் பலகை.

"ஏனக்கா, காலுக்கு வெள்ளையடிச்சுட்டீங்களாட்ட?" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி. "பொங்கலுக்கு இன்னும் நாள் கெடக்குதே."

அம்மா இன்னொன்றும் செய்தாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு செய்தாள். விடிகாலையில் நான் வந்தபின் செம்போடு அந்தப் பக்கம் போவாள். தண்ணீர் ஊற்றுவதற்கு முன் குனிந்து வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். எறும்பு வருகிறதா என்று. அப்பாவுக்கு அப்படித்தான் தெரியவந்தது. பனியில் முக்காடிட்டு, மருதமலை விளக்குக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நிற்கும் அந்த உருவத்தை கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு நான் போர்வைக்குள் புகுந்துகொள்வேன். திரும்பி வந்து, "ஒண்ணுமில்ல, தூங்கு கண்ணு" என்பாள். நான் எதுவும் கேட்டிருக்க மாட்டேன்.

ஒரு நாள் டியூட்டி முடிந்து சூப்பர்வைசர் என்னை நிறுத்தினார். அடுத்த மாதம் கடைசி சோதனை. புரொபேஷனில் இருப்பவர்களை பம்பாய் லைனில், நெருக்கடியான நேரத்தில் உட்காரவைத்து, அவர் பின்னாலேயே நாற்காலி போட்டுப் பார்ப்பார்.

"உன் குரல் நல்லா இருக்கு. கை வேகம். டிக்கெட் சுத்தமா எழுதறே," என்றார். "ஆனா நான் என்ன எழுதட்டும்? பொண்ணு நல்ல பொண்ணு, நாற்காலிதான் காலின்னு எழுதட்டுமா? டாக்டரைப் பாரு மேன்."

பார்த்தேன். வயதான லேடி டாக்டர். வெள்ளைச் சேலை, கையில் வெற்றிலை நிறத்தில் மடித்த ஒரு கைக்குட்டை. சீசாவில் கொண்டுபோனதை வாங்கி, அதில் சில சொட்டுகளை நீல மருந்தில் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார்கள். சர்க்கரை இருந்தால் அந்த நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்குப் போகும். அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கண்ணாடிக் குழாயையே பார்த்தாள். கொதித்தது. நுரைத்தது. நீலம் நீலமாகவே இருந்தது. அம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். அதன்பின் டாக்டர் சொன்ன எதுவும் அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

மைக்ராஸ்கோப்பிலும் பார்த்துவிட்டு டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"சீழ் இல்ல, சர்க்கரை இல்ல. காய்ச்சல் வந்துச்சா? ரத்தம் கித்தம் போச்சா?"

"இல்லீங்க."

"தண்ணி நிறைய குடிக்கிறியா?"

"குடிக்கறதே இல்லீங்க டாக்டர். குடிச்சா வருமேங்க."

"குடிக்காட்டி வரலையா?"

"வருதுங்க. அதிகமா வருதுங்க."

"வராம? சாக்கடையில தண்ணி குறைஞ்சா நாத்தம் கூடுதா இல்லையா? உள்ளயும் அப்படித்தான். தண்ணி குறைஞ்சா மூத்திரம் கெட்டியாகும். கெட்டியானா பையை அரிக்கும். பை, எடுத்துக் கொட்டு கொட்டுன்னு கத்தும்." பேனாவைக் கீழே வைத்தார். "ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போகுது?"

"கொஞ்சந்தாங்க."

"அப்ப எதுக்குப் போறே? எப்பெப்பப் போவே, சொல்லு பார்க்கலாம்."

சொன்னேன். வீட்டை விட்டுக் கிளம்புமுன் எதுக்கும் ஒருக்கா. எக்ஸ்சேஞ்சு போய்ச் சேர்ந்ததும் எதுக்கும் ஒருக்கா. போர்டில் உட்காருமுன் எதுக்கும் ஒருக்கா. படுக்குமுன் ஒருக்கா, படுத்தபின் தூக்கம் வராவிட்டால் எதுக்கும் இன்னொருக்கா. சொல்லச் சொல்ல டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார்.

"உனக்கு வியாதி மூத்திரத்துல இல்ல. 'எதுக்கும்'ல இருக்கு."

யோசித்துப் பார்த்தேன். பஸ் ஏறுமுன், தேருக்குப் போகுமுன், பரீட்சைக்குப் போகுமுன், பெண் பார்க்க வருமுன், எங்கள் பக்கத்து அம்மாக்கள் எல்லோருக்கும் ஒரே மந்திரம்: "எதுக்கும் ஒருக்கா போயிட்டு வந்துரு கண்ணு." வெட்டவெளி பூமி அது. கிளுவை வேலியைத் தவிர மறைப்பு கிடையாது. வேலிக்கு அந்தப்பக்கம் எப்போதும் ஓர் ஆள் மாடு மேய்த்துக்கொண்டிருப்பார். வழியில் வந்துவிட்டால் ஒரு பெண் எங்கே போவாள்? அந்தப் பயத்தில் பிறந்த சொல். அதைக் கேட்டுக் கேட்டு, நிறையுமுன்பே காலி செய்து செய்து, என் பை கொஞ்சம் நனைந்தாலே நிறைந்துவிட்டதாக நம்பப் பழகியிருந்தது. சிறுவாணி பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

டாக்டர் மருந்து எழுதவில்லை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கொஞ்சம் கொஞ்சமாக, தாகம் தீரத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். விளக்கு வைத்தபின் வாய் நனைக்க மட்டும். காப்பி காலையில் ஒன்று, அதோடு சரி. நாளெல்லாம் தொங்கவிட்ட காலில் இறங்கிய நீர் படுத்ததும் மேலேறி வந்து எழுப்பும் என்பதால், சாயங்காலம் வீடு வந்ததும் கால்களை உயரத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் படுக்க வேண்டும். வந்துவிட்டதுபோல் தோன்றும்போது ஓடக்கூடாது. ஓடினால் அது இன்னும் துரத்தும். இருந்த இடத்தில் அசையாமல் இருந்து, பாதியில் நிறுத்துவதுபோல உள்ளே இறுக்கி, மனதை வேறெதிலாவது வைத்தால், அலை மாதிரி எழும்பித் தானே அடங்கும். அடங்கியபின் நடந்து போகலாம். முதலில் சில நிமிடம், பழகப் பழக அதிகம்.

"ஆனா நாள் முழுக்க அடக்கியும் வெக்காதே, அது வேற வம்பு. எரிச்சல் நிக்காட்டியோ, காய்ச்சலோ ரத்தமோ வந்தாலோ இந்த வித்தை எதுவும் வேண்டாம், நேரா இங்க வந்துரு."

ஆரம்பத்தில் இந்த வைத்தியம் எனக்கு எதிராகவே இருந்தது. தண்ணீர் குடித்ததும் எல்லாம் கூடியது. இருந்த இடத்தில் இரு என்று டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார். அடிவயிற்றுக்கு இங்கிதம் கிடையாது. அப்படி ஒரு மத்தியானம் போர்டில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது யாரோ ஒருவர் ஆர்டினரிக் கட்டணத்தில் பதிவு செய்துவிட்டு லைட்னிங்போலக் கத்திக்கொண்டிருந்தார். பழக்கத்தில் என் வாய் சொன்னது: "ஆர்டினரிங்க. காத்திருக்கோணுமுங்க." சொன்ன பிறகுதான் அதை யாருக்குச் சொன்னேன் என்று சந்தேகம் வந்தது. ஏனென்றால் அடிவயிறும் கொஞ்சம் அடங்கியிருந்தது.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு போர்டு வைத்துக்கொண்டேன். விளக்கு எரிந்ததும் பார்ப்பேன்: இது என்ன ஜாதி? இதற்குமுன் எப்போது போனேன், எவ்வளவு தண்ணீர் குடித்தேன்? பெரும்பாலும் ஆர்டினரிதான், லைட்னிங் குரலில் பேசும் ஆர்டினரி. அதனிடம் மரியாதையாகச் சொல்லுவேன்: லைன் பிஸிங்க, வரிசையில் இருங்க. மூன்று நிமிடம் கழித்து நீட்டிக்கலாமா என்று கேட்பேன். கொங்குப் பெண் மூத்திரப்பையிடம்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவாள். அது கேட்டுக்கொண்டது. நிஜமான அர்ஜெண்ட் வந்தால் கையைத் தூக்கினேன். லைட்னிங் என்பது, நேர்மையாகப் பார்த்தால், வாரத்தில் ஒன்றுகூடத் தேறாது.

வீட்டில் ஜமக்காளத்தைச் சுருட்டி அதன்மேல் காலைப் போட்டுப் படுத்தேன். மாமாவின் தண்ணீரை இனி குடிப்பதில்லை என்றதும் அம்மாவுக்கு வருத்தம். வீணாக்காமல் அதில் பருப்பு வேகவைத்தாள். பொழுது போயிற்று, விறகு போயிற்று, பருப்பு போட்டது போட்டபடியே இருந்தது. "கனமான தண்ணிதான்" என்று ஒத்துக்கொண்டேன். அம்மா கரண்டியால் தட்டைத் தட்டினாள்.

ராத்திரிகள் மெதுவாக நீண்டன. முதலில் ஒரு நடை குறைந்தது. பிறகு இன்னொன்று. கனவில் தாழ்வாரத்தின் கதவுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. சில நாள் ஆறு மட்டும் வந்தது, கரையில் யாரும் இல்லை, நானும் இறங்கவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஆலைச் சங்கு ஊதியபோது எழுந்தேன். எதற்கு ஊதுகிறது என்று புரியவில்லை. வெளியே வந்தால் வெயில். ஒரு நடைகூட இல்லாமல் ஒரு ராத்திரி என்னைக் கடந்து போயிருந்தது.

சோதனை நாள் வந்தது. பஞ்சு விலை சரிந்துகொண்டிருந்த காலை. பம்பாய்க்கு லைன் கேட்டு எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தன. எனக்குப் பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம். செருப்புச் சத்தம் நின்றது. அவர் மூச்சு கழுத்தில் படுவதுபோலிருந்தது. பழைய புத்தி ஒரு கணம் சொன்னது: இன்றைக்கு மட்டும் தண்ணீர் குடிக்காமல் வந்திருக்கலாமே. நான் வழக்கம்போலக் குடித்துவிட்டு வந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் உள்விளக்கு எரிந்தது. பயத்துக்கு அது எப்போதும் எரியும். ஆர்டினரி என்று ஒதுக்கினேன். உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு தேங்காய் வியாபாரி லைனில் வந்தார்.

"ஏனுங்க, பம்பாய் கெடைக்குமுங்களா?"

"லைன் பிஸிங்க. வரிசையில இருக்கீங்க."

"காலையிலருந்து இதையேதானுங்க சொல்றீங்க. நீங்க குடுக்கறதுக்குள்ள என்ற தேங்காயெல்லாம் கொப்பரை ஆயிருமாட்ட இருக்குதுங்க."

"கொப்பரைக்கு வெலை சாஸ்திங்க. காத்திருங்க."

பின்னால் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. இருமலா சிரிப்பா என்று திரும்பிப் பார்க்க விதியில் இடமில்லை. அவருக்கு லைன் கொடுத்தேன். அடுத்தவருக்குக் கொடுத்தேன். அலை எழும்பியது, இறுக்கிக்கொண்டு ஒரு டிக்கெட்டை எழுதி முடித்தேன், அலை இறங்கியது. மறுபடி எழும்பியபோது வேறு மாதிரி இருந்தது. கத்தவில்லை. நிதானமாக, கனமாக இருந்தது. இது நியாயமான அர்ஜெண்ட், சரியான நேரத்தில் வந்தது. அடக்கிக்கொண்டு ஷிப்ட் முடியும்வரை உட்கார்ந்து அந்த அம்மாளுக்குக் காட்டலாம் என்று ஒரு வீம்பு வந்தது. டாக்டர் சொன்ன வேற வம்பு ஞாபகம் வந்தது. இந்த நாற்காலியில் அடுத்த முப்பது வருஷமும் உட்காரப்போவது வீம்பு இல்லை, என் உடம்பு.

கையைத் தூக்கினேன்.

"மேடம், ரிலீஃப் வேணுமுங்க."

இதற்குமுன் எல்லாத் தடவையும் கேட்டபோதே பாதி எழுந்திருப்பேன், முகத்தில் மன்னிப்பும் சிரிப்பும் ஓடும். இந்தத் தடவை உட்கார்ந்தே இருந்தேன். கடிகாரத்தைப் பார்த்தார் அவர். வேறொருத்தியைச் சைகையால் கூப்பிட்டார். அவள் வந்து ஹெட்செட் மாட்டும்வரை நான் இன்னொரு அழைப்பை இணைத்தேன். அதன்பின் எழுந்தேன். நடந்து போனேன், நடந்து வந்தேன். மறுபடி உட்கார்ந்தபோது தேங்காய்க்காரர் நீட்டித்து நீட்டித்து இன்னும் பம்பாயோடு பேசிக்கொண்டிருந்தார். "மூணு நிமிஷம் ஆச்சுங்க, நீட்டிக்கலாமுங்களா?" என்றேன்.

ஷிப்ட் முடிந்ததும் அந்த அம்மாள் தன் கைப்பையை மூடிக்கொண்டே சொன்னார். "நான் உன்னைப் போகாதேன்னு எப்பவும் சொல்லலை மேன். நீ ஓடறதைப் பார்த்தா எங்கியோ தீ பிடிச்ச மாதிரி இருக்கும், எல்லாப் பொண்ணுங்களும் திரும்பிப் பாக்கும், லைன் கட்டாகும். இன்னைக்கு யாரும் திரும்பலை." பிறகு, பெரிய உபகாரம் செய்வதுபோல் கையை வீசினார். "எழுதிட்டேன். போ."

உத்தரவு வர மழைக்காலம் ஆகிவிட்டது. சர்க்காருக்கு எல்லா அழைப்பும் ஆர்டினரிதான். வந்த அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது குழாயில் தண்ணீர் விட்டிருந்தார்கள். தூறலில் குடங்கள் வரிசையாக நின்றன. அம்மா முறை வந்து, குனிந்து பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பர்மனெண்ட் ஆயிருச்சுங்கம்மா."

அவள் நிமிரவில்லை. "அப்படின்னா என்ன கண்ணு?"

"இனி என்னை எந்திரின்னு யாரும் சொல்ல முடியாதுங்க."

குடம் நிறையும் சத்தம் ஏறிக்கொண்டே வந்தது. அம்மாவுக்கு அதில் ஏதோ இடித்திருக்க வேண்டும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப நாள் பூரா உக்காந்தே இருக்கோணுமா?"

"இல்லீங்கம்மா. வேணுங்கறப்ப எந்திரிச்சுக்கலாம்."

"அப்ப சரி," என்று அவள் நிறைந்த குடத்தை என் இடுப்பில் ஏற்றிவிட்டு, அடுத்த குடத்தைக் குழாய்க்கடியில் நகர்த்தினாள். "மாமனுக்கு நாளைக்கு ஆள் சொல்லி உடறேன், பையனுக்கு வேற எடம் பாக்கட்டும்னு."